ரத்தம் ஏறிய மத்தியானம்

செங்கல்பட்டில் பிரசவ வார்டு நர்ஸாக இருக்கும் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரப்பாக்கத்தில் ரயில் ஏறும்போதே யாரிடமாவது சண்டை பிடித்துவிட்டுத்தான் டூட்டிக்குப் போவேன் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். வாயில்லாவிட்டால் வார்டை ஓட்ட முடியாது.

போன கோடையில் ஒருத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தம் நிறையப் போய்விட்டதால் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். அவள் கடப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண். கட்டிக்கொண்டது இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையனை, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். அந்தப் பையன்தான் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னான். "சிஸ்டர், அவ அண்ணன் வந்துகீறாரு. எங்க கல்யாணத்துலேர்ந்து அவளாண்ட ஒரு வார்த்த பேசல. ரத்தம் வேணும்னு போன் பண்ணேன், கடலுக்குப் போகாம வந்து குடுத்துட்டாரு."

அண்ணன்காரன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். குழந்தையைப் பார்த்துச் சிரித்தான். தங்கச்சியை மட்டும் பார்க்கவில்லை. அவளுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்வான். "கஞ்சி குடிக்கச் சொல்லுங்க சிஸ்டர்." அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் படுத்திருக்கிறாள்! "நான் இன்னா உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட்மேனா?" என்று கேட்டேன்.

ரத்தப் பையை மாட்டினேன். முதல் கால் மணி நேரம் நான் கட்டிலை விட்டு நகரமாட்டேன். ஒத்துக்கொள்ளாத ரத்தம் என்றால் பெரும்பாலும் அதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். குளிர், காய்ச்சல், முதுகுவலி, மூச்சுத் திணறல் எதுவும் இல்லை. "உடம்புல எது வித்தியாசமா இருந்தாலும் உடனே சொல்லணும், தெரியுதா?" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். அவள் அந்தப் பையைக் கற்பூர ஆரத்தியைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தால், போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்திருக்கிறாள். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்.

"குளிருதா?"

"இல்ல சிஸ்டர்."

"அப்புறம் எதுக்குப் போர்வை?"

"சும்மா."

எனக்குச் சுருக்கென்றது. போர்வையை இழுத்தேன். கழுத்து, கை, வயிறு எங்கும் தடிப்புத் தடிப்பாகச் சிவந்திருந்தது. சொறிந்த நகக்கீறல் வேறு. அடுத்த நொடி ரத்தத்தை நிறுத்தினேன். ஊசியை எடுக்காமல் குழாயை மட்டும் மாற்றி, வெறும் சலைனை ஓடவிட்டேன். இன்னொரு நர்ஸைக் கூப்பிட்டு டாக்டருக்கு ஆள் அனுப்பினேன். பையில் இருந்த பெயரையும் குரூப்பையும் அவள் கைப்பட்டையோடு வைத்து இருவரும் வாய்விட்டுப் படித்தோம். சரியாக இருந்தது. நாடி, பிரஷர், காய்ச்சல், மூச்சு எல்லாம் பார்த்தேன்.

அண்ணன் எழுந்துவிட்டான். "ஏன் நிறுத்துற? என் ரத்தத்துல இன்னா கொற? நான் பீடிகூடத் தொட்டதில்ல!"

"யோவ், நகரு! உன் தங்கச்சி உசுரு முக்கியமா, உன் ரோஷம் முக்கியமா?"

டாக்டர் வந்து பார்த்தார். மூச்சு சீராக இருக்கிறது, பிரஷர் இறங்கவில்லை, தோலில் மட்டும்தான் அலர்ஜி என்று ஊசி போடச் சொன்னார். போட்டேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தடிப்பு ஒவ்வொன்றாக அமுங்கியது. அப்பாடா என்று இருந்தது.

அதன்பிறகுதான் அண்ணன்காரன் பக்கம் திரும்பினேன். "இது உங்க ரத்தமே இல்லீங்க. நீங்க குடுத்தது டெஸ்ட்டுக்குப் போயிருக்கு. அது நல்லபடியா வந்தா வேற யாருக்காவது ஏறும். இது ஏற்கெனவே டெஸ்ட் பண்ணி வெச்சிருந்த பை. எல்லாருக்கும் இப்படித்தான்."

அவன் முகம் தொங்கிப்போயிற்று. தங்கச்சியோ கலகலவென்று சிரித்தாள். "அய்யோ! மின்னாடியே தெரிஞ்சிருந்தா அரிக்குதுன்னு அப்பவே சொல்லிருப்பேனே!"

"எப்பலேர்ந்து அரிக்குது?"

"நீங்க அந்தாண்ட போனதுலேர்ந்து. சொன்னா நிறுத்திடுவீங்க. ரத்தத்தையே வேணாம்னுட்டாளேன்னு அண்ணன் நெனச்சிக்கும். மறுபடி எங்க வூட்டுப் பக்கமே வராம பூடும். அதான் பல்லக் கடிச்சிகினு இருந்தேன்."

பளார் என்று ஒன்று கொடுக்கலாமா என்றிருந்தது எனக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். என்னிடம் சொல்லவில்லை. நேராக அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஏம்மே, அறிவு கீதா உனக்கு? செத்துகித்துப் பூட்டின்னா, அப்புறம் நான் யாராண்டமே பேசறது?"

வார்டே திரும்பிப் பார்த்தது. மடை திறந்தது மாதிரி அவன் திட்டினான். சொல்லாமல் கல்யாணம் செய்ததற்குத் திட்டினான். ஒரு போன்கூடப் பண்ணாததற்குத் திட்டினான். எலும்பும் தோலுமாக இருப்பதற்குத் திட்டினான். வாசலில் நின்ற மாப்பிள்ளைக்கும் கொஞ்சம் கிடைத்தது. எனக்கானால் அப்படி ஒரு சந்தோஷம். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன்.

டாக்டர் இன்னொரு முறை பார்த்துவிட்டு, அதே பையை மெதுவாகத் தொடரலாம் என்றார். சொட்டுச் சொட்டாக ஓடவிட்டு, இந்த முறை நகரவே கூடாது என்று பக்கத்திலேயே நின்றேன். அவன் இன்னும் நிறுத்தவில்லை. மற்ற தாய்மார்கள் தூங்க வேண்டாமா? சத்தம் போடாதே என்று சொல்லப்போனேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் திட்டட்டும், வுடுங்க சிஸ்டர்" என்றாள்.