கூடையைக் கழிக்காத எடை

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலை, தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு ஆட்கள் வருவதற்கு முன் நான் தராசில் ஏறி நிற்பேன். எடையை நாட்குறிப்பில் எழுதுவேன். தோட்டத்தில் நிறுவைக் கிராணியாக (எடை எழுதும் எழுத்தராக) சேர்ந்த நாளிலிருந்து பதினெட்டு ஆண்டுப் பழக்கம். 1989 பிப்ரவரியில் 61 கிலோ. மார்ச்சில் 58. ஏப்ரலில் 55.

நான் தராசைச் சந்தேகித்தேன். இருபது கிலோ படிக்கல்லை வைத்தேன். முள் இருபதில் நின்றது. தட்டைத் துடைத்துவிட்டு மறுபடி ஏறினேன். 55.

தாகத்தையும் அடிக்கடி சிறுநீர் போவதையும் அதுவரை மலைக்குளிரின் தலையில் போட்டிருந்தேன். பக்கத்து மலை நகரமான தானா ராத்தாவின் மருத்துவமனையில் இரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை மில்லிமோல் கணக்கில் பதினாறு, வெறும் வயிற்றில் ஏழுக்குள் இருக்க வேண்டுமாம். நீரிழிவு என்றார் டாக்டரம்மா, ஈப்போவிலிருந்து மாற்றலாகி வந்த இளம் தமிழ்ப் பெண். கணையம் (வயிற்றுக்குள் இருந்து இன்சுலின் சுரக்கும் உறுப்பு) சரியாக வேலை செய்யவில்லை என்றார்.

நான் நம்பவில்லை. என் வயது நாற்பத்தெட்டு. ஒல்லியான உடம்பு. மலையில் ஏறி இறங்குகிறவன். யாருடைய இரத்தக் குப்பியோடு என் குப்பி மாறியது என்றுதான் யோசித்தேன். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போய் இன்னொரு பரிசோதனை செய்தேன். பதினைந்தரை. அந்த அரைப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு, இரண்டில் ஒன்று தவறு, ஒன்று தவறென்றால் இரண்டும் தவறாக இருக்கலாம் என்று மூன்று வாரம் டாக்டரம்மா கொடுத்த மாத்திரையைத் தொடவில்லை. இதைப் படிப்பவர்கள் அந்தத் தவறைச் செய்ய வேண்டாம்.

நான்காவது வாரம், கொழுந்து பறிக்கும் லெட்சுமியின் கூடையை நிறுத்தேன். முள் மங்கலாக இரண்டாகத் தெரிந்தது. 33 என்று எழுதினேன்.

"கிராணி, கண்ணத் தொறந்து பாருங்க. முப்பத்தெட்டு!" என்றாள் அவள். பக்கத்தில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். முப்பத்தெட்டுதான்.

"ஈரத்துக்குன்னு, கூடைக்குன்னு எங்க கொழுந்துல கழிச்சீங்களே, இப்ப ஒங்க உடம்புலயே கழிக்கிறாங்க லா!"

எல்லாரும் சிரித்தார்கள். நான் எண்ணைத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலையே முதல் மாத்திரையை விழுங்கினேன்.

மருத்துவமனைக்கு மூன்றாம் முறை போனபோது டாக்டரம்மா கேட்ட கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை.

"ஐயா, நீங்க பொறந்தப்ப எவ்வளவு எடை? யாராச்சும் சொல்லியிருக்காங்களா?"

தோட்டத் தொழிலாளர்களின் லயத்தில் பிறந்தவன் என்பதைக் குத்திக்காட்டுகிறாரோ என்று தோன்றியது. "ஏழு ராத்தல்" என்றேன் விறைப்பாக. மூன்று கிலோவுக்கு மேல். எங்கள் வீட்டில் அது பெருமை.

"அப்படின்னா சரி. எடை கம்மியா பொறக்குற பிள்ளைங்களுக்குப் பின்னாடி சக்கரை, இதய நோய் வருமோன்னு சில டாக்டருங்களுக்கு ஒரு சந்தேகம். வயித்துல சாப்பாடு பத்தாத பிள்ளையோட உடம்பு, கொஞ்சத்த வச்சே ஓட்டப் பழகிக்குது. பின்னாடி நெறைய கெடைச்சா அதால தாங்க முடியல. நிச்சயமா இப்ப யாராலயும் சொல்ல முடியாது."

வளர்சிதை மாற்றம் (உடல் உணவைச் சக்தியாக மாற்றும் விதம்) கருவிலேயே பழகிவிடுமா என்று கேட்டேன். "இருக்கலாம்" என்றார். ஒரு மருத்துவர் "நிச்சயமா சொல்ல முடியாது" என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அதனாலேயே அவரை நம்பத் தொடங்கினேன். உடனே பயமும் வந்தது, எனக்காக அல்ல. என் மகள் கவிதா பிறந்தபோது இரண்டு கிலோ. அவளை எப்படியாவது தேற்ற வேண்டும் என்று நாளுக்கு இரண்டு கிளாஸ் டின்பால், சர்க்கரை போட்ட கெட்டிப் பாலைக் கரைத்துக் கொடுக்கச் சொன்னவன் நான். ஒன்பது வயதில் அவள் 41 கிலோ. அந்த ஏற்றத்தைப் பெருமையோடு மாதாமாதம் எழுதி வந்தேன்.

ஏழு ராத்தல் எடையோடு பிறந்த எனக்கே வந்திருக்கிறது, ஆகவே டாக்டரம்மாவின் சந்தேகம் தவறு என்று நிறுவ நினைத்தேன். அம்மாவிடம் போனேன்.

"நான் பொறந்தப்ப என்னைய யாரும்மா நிறுத்தாங்க?"

"கங்காணிதான். மருந்து குடுக்குற டிரெசர்கிட்ட பிள்ளைத் தராசு ஏது? கம்பளியில சுத்தி, கொழுந்துக் கூடையில வச்சு, மலையில தொங்கவிட்டிருந்த தராசுல மாட்டுனாரு. 'ஏழு ராத்தல்'னு சத்தம் போட்டாரு பாரு, மலைக்கே கேட்டுச்சு."

"கூடைக்குக் கழிச்சாரா?"

"கொழுந்துக்குத்தான்டா கழிப்பாங்க. புள்ளைக்கு எவன் கழிப்பான்? கிராணி வேல பாத்துப் பாத்து ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

அந்தக் காலத்துக் கூடைக்குக் கழிவு இரண்டு ராத்தல். கொட்டகையில் இருக்கும் பழைய பேரேடுகள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது. மிச்சம் ஐந்து. கம்பளியும் போனால் நான்கோ, நாலரையோ. இரண்டு கிலோ. கவிதாவின் எடை.

வீட்டுக்கு வந்து டின்பாலை நிறுத்தச் சொன்னேன். என் மனைவி சரோஜா கோபப்பட்டாள்.

"நீங்கதானே ஊத்து ஊத்துன்னீங்க? அந்தம்மாவே நிச்சயமில்லங்குறாங்க. அதுக்குப் புள்ளையப் பட்டினி போடணுமா?"

"பட்டினி இல்ல. சோறு, மீன், கீரை எல்லாம் குடு. டின்பால் மட்டும் வேணாம். ஓடி விளையாடட்டும்."

கவிதா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ரெண்டாவது கிளாஸ் இனிமே இல்லையாப்பா?"

"இல்லம்மா."

"அப்பாடா. பூனைதான் பாவம்."

எங்கள் பூனை ஏன் அவ்வளவு பெருத்திருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. ஆறு வருடமாக நான் எழுதி வைத்த 'இரண்டு கிளாஸ்' எத்தனை நாள் உண்மை என்று இனித் தெரியாது.

இப்போது டிசம்பர். என் எடை 59. சர்க்கரை எட்டுக்கும் ஒன்பதுக்கும் இடையில். முள் மீண்டும் ஒன்றாகத் தெரிகிறது. கவிதா ஆறு மாதமாக அதே 41இல் நிற்கிறாள். உயரம் மட்டும் கூடியிருக்கிறது. அவளுக்கு என்ன வரும், வராது என்பதை நான் பார்க்க இருப்பேனா என்று சொல்ல முடியாது. இருப்பதற்காகத்தான் காலை ஏழு மணிக்கு மாத்திரை.

'நோய் தொடங்கியது: மார்ச் 1' என்று நாட்குறிப்பில் எழுதியிருந்ததை அடித்துவிட்டேன். வேறு தேதி எழுதவில்லை. முதல் பக்கத்தில் மட்டும், கொழுந்துக்கு எழுதுவது போலவே, ஒரு வரி சேர்த்தேன்: 1941. மொத்தம் 7. கூடை 2. கம்பளி என்ற கட்டத்தில் எழுத என்னிடம் எண் இல்லை. அதனால் மிச்சம் என்ற கட்டமும் வெறுமையாக இருக்கிறது. முதல் தேதிகளில் தராசில் ஏறி முள் நிற்பதற்காகக் காத்திருக்கும்போது, அந்த வெறும் கட்டத்தில் இருக்கும் பிள்ளையையும் சேர்த்தே நிறுக்கிறேன்.