பெரியம்மாவின் கழுத்தில் ஒரு ராசா

எங்கள் பெரியம்மாவின் கழுத்தில் ராசா ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தார். கறுப்பு நூலில் கோத்த வெள்ளிப் பதக்கம். ஒரு பக்கம் ராசாவின் தலை, மறுபக்கம் குதிரைமேல் ஓர் ஆள். முதல் உலகச் சண்டையில் வெள்ளைக்காரனுக்குப் படகு ஓட்டப் பஸ்றாவுக்குப் போன பெரியப்பா, காய்ச்சலில் அங்கேயே இறந்துபோனார். ஆளுக்குப் பதிலாகப் பதக்கம் தபாலில் வந்ததாம். தாலி கிடந்த இடத்தில் பெரியம்மா அதைப் போட்டுக்கொண்டார். ஊர் என்னென்னவோ சொல்லியும் கழற்றவில்லை. விளிம்பைச் சுற்றி இங்கிலீசில் பொடி எழுத்து ஓடியது. அதெல்லாம் ராசாவின் பட்டங்கள் என்று நாங்கள் நம்பியிருந்தோம்.

இரண்டாம் சண்டை வந்தபோது எனக்கு எட்டு வயது. ஜப்பான்காரன் வந்தால் அவன் கையில் அகப்படக்கூடாதென்று, வவுணதீவுக் கரையில் கிடந்த தோணிகளை எடுத்துப்போக ஒரு துரை சிப்பாய்களோடு வந்தார். எங்கள் நெல்லை வாவி கடத்த இருந்தது அந்த ஒரு தோணிதான். பெரியம்மா முழங்காலளவு தண்ணீரில் இறங்கி அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடு தங்கச்சி, அரசாங்கத்து உத்தரவு" என்றார் விதானையார். ஊர்த் தலைமைக்காரரான அவர்தான் துரையின் பேச்சை எங்களுக்குச் சொல்ல வந்திருந்தார்.

"ஆளைக் கேட்டாங்க, குடுத்தம். இப்ப தோணியும் வேணுமாமா? கேட்டுச் சொல்லுங்க."

விதானையார் என்ன சொன்னாரோ தெரியாது. துரை சப்பாத்தோடு தண்ணீரில் இறங்கி வந்தார். நரைத்த மனிதர். பதக்கத்தைக் காட்டிக் கையை நீட்டினார். பெரியம்மா கழற்றிக் கொடுத்தார். துரை விளிம்பைத் திருப்பித் திருப்பி, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

அது பெரியப்பாவின் பெயர்.

அந்தப் பெயரை நான் அதுவரை ஓரிரு தரம்தான் கேட்டிருக்கிறேன். கட்டியவரின் பெயரைப் பெரியம்மா வாயால் சொல்லமாட்டார். அவருக்கு நோகுமென்று மற்றவர்களும் எடுப்பதில்லை.

துரை ஓரடி பின்வாங்கி, நிமிர்ந்து நின்று, பெரியம்மாவுக்குச் சலூட் அடித்தார். கரையில் நின்ற சிப்பாய்கள் எல்லோரும் அடித்தார்கள். விதானையாரும் தலைப்பாகையைக் கழற்றிவிட்டார். வெள்ளைக்காரன் எங்கள் பெரியம்மாவுக்கு முன்னால் சேற்றில் விறைத்து நிற்கிறான்! ஆனால் பெரியம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

"மறுகா ஒருக்காச் சொல்லச் சொல்லுங்க" என்றார் விதானையாரிடம்.

துரை மறுபடியும் வாசித்தார், இம்முறை இன்னும் மெதுவாக. பெரியம்மாவின் கையிலிருந்து கயிறு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

சலூட் அடித்தாலும் உத்தரவு உத்தரவுதான். தோணியைக் கொண்டுதான் போனார்கள். பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. துரை திருப்பிக் கொடுத்த பதக்கத்தை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, உதடுகள் லேசாக அசைய நின்றார்.

துரை முதலில் சொன்னது அவர் காதில் விழவில்லை என்றுதான் நான் நினைத்தேன். அதன் பிறகு கனகாலம் பெரியம்மாவோடு சத்தம் போட்டே பேசிவந்தேன். அவரும் ஏனென்று கேட்டதில்லை.