அவசர எண்ணில் டாக்டரம்மா

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் கேட்கிற குரல் கணீரக்காவுடையது. லிஃப்ட் கம்பெனியின் அவசர உதவிப் பிரிவில் அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் மெக்கானிக்குகள். உள்ளே இருப்பவர் அழுதாலும் கத்தினாலும் அவள் குரல் நடுங்காது. "பயப்படாதீங்க, காத்து உள்ள வந்துக்கிட்டேதான் இருக்கும். நான் லைன்லயே இருக்கேன். எந்தக் கட்டடம்னு மட்டும் சொல்லுங்க" என்பாள். கேட்பவருக்குப் பாதி பயம் அங்கேயே போய்விடும்.

அவளுடைய பொறுமையெல்லாம் அந்தக் குரலோடு சரி. மற்றபடி அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் குடியிருந்தது. "உன் பொறுமையை மொத்தமா கம்பெனி வாங்கிக்கிது. மிச்சம் மீதிதான் வீட்டுக்கு வருது" என்று அச்சகத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் சொல்வார். சொல்லிவிட்டு உடனே அடுத்த அறைக்கு நகர்ந்துவிடுவார்.

விடுமுறை நாட்களில் அவள் டப்பிங் பேசப் போவாள். கூட்டத்தில் கத்தும் பெண், பேருந்தில் சண்டை போடும் பெண், பற்பசை விளம்பரத்து அம்மா என்று பல வருஷமாக ஒரு வரி, இரண்டு வரிதான். அப்படியிருந்தவளுக்கு ஒரு ஜப்பானிய அனிமே தொடரில் முழு வேடம் கிடைத்தது. தொடரின் பெயர் 'மூடிய வார்டு'. கைவிடப்பட்ட மருத்துவமனை ஒன்றில் குழந்தைகளை அடைத்துவைத்துச் சோதனை நடத்தும் டாக்டரம்மாவுக்கு இவள் குரல்.

அது ஒரு வீடியோ கேமிலிருந்து வந்த கதை. டப்பிங் இயக்குநர்தான் விளக்கினார். கேமின் கடைசியில் டாக்டரம்மா கதவருகே நிற்பாள். அந்தப் பக்கம் ஒரு சிறுமி. கதவைத் திறப்பதா மூடுவதா என்பது விளையாடுகிறவர் கையில். விளையாடிய எல்லோருமே திறந்துதான் விட்டிருப்பார்கள். தொடரிலோ டாக்டரம்மா கதவை மூடிவிடுகிறாள், சிறுமி உள்ளேயே செத்துப்போகிறாள். மூடும்போது மூலத்தில் அவள் சொல்வது ஒரே வார்த்தை: மன்னித்துவிடு.

"அதுல பஞ்ச் இல்லம்மா. 'உன் நேரம் முடிஞ்சுது, கிளம்பு'ன்னு சொல்லுங்க. வில்லின்னா வில்லியா இருக்கணும்" என்றார் இயக்குநர்.

"சார், அந்தப் பொம்பள அங்க அழுதுக்கிட்டு நிக்கிறா. வாயைப் பாருங்க, உதடு துடிக்குது. 'மன்னிச்சிடு'தான் பொருந்தும்."

"நீங்க பேசுங்க, நான் பாத்துக்கறேன்."

அவர் சொன்னபடியே பேசினாள். அந்தப் பகுதி வெளியான மறுநாள் காலையில் ஆரம்பித்தது. கேமில் தங்கள் கையால் காப்பாற்றிய சிறுமியைத் தொடர் கொன்றுவிட்டது என்று ரசிகர்களுக்கு ஆத்திரம். கதையை மாற்றியவர்கள் கடல் தாண்டி இருந்தார்கள், எட்டவில்லை. கணீரக்காவின் சமூக வலைதளப் பக்கம் எட்டியது. 'இந்தக் கிழட்டுக் குரலை யார் கூட்டிவந்தது?' 'ஒரே வசனத்தில் மொத்தத் தொடரையும் கொன்ன சனியன்.' 'இவள் வீடு எங்கே என்று யாருக்காவது தெரியுமா?' அவள் குரலை வெட்டி ஒட்டி, கழுதைக் கத்தலோடு சேர்த்து யாரோ ஒரு வீடியோவும் போட்டிருந்தார்கள்.

அவள் கொதித்துப்போய் ஸ்டூடியோவுக்குப் போன் செய்தாள். "அந்த வசனம் உங்களோடதுன்னு ஒரு வரி போடுங்க சார்."

"இதெல்லாம் ரெண்டு நாள்ல அடங்கிடும்மா. திட்டறாங்கன்னா பாக்கறாங்கன்னு அர்த்தம்" என்று சிரித்தார் இயக்குநர். மறுநாள் ஸ்டூடியோவின் இணையப் பக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது: குரல் கலைஞரின் வெளிப்பாட்டில் ஏற்பட்ட குறைக்கு வருந்துகிறோம். அதைப் படித்தபோது அவள் கையில் தோசைக் கரண்டி இருந்தது. அது போய்ச் சுவரில் மோதிய சத்தத்தில் கணவர் எழுந்து ஓடிவந்தார்.

அடுத்த வாரம் ஒரு மதிய வேளையில், அலுவலகக் கட்டடம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞனின் அழைப்பு வந்தது. லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றிருந்தது. மூச்சு முட்டுகிறது என்று அலறினான். மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, தரையில் உட்காரச் சொன்னாள், மெதுவாக மூச்சு விடச் சொன்னாள், சாப்பிட்டானா என்று விசாரித்தாள். அழுகை அடங்கியதும் அவன் கேட்டான்:

"மேடம், நீங்க அந்த டாக்டரம்மாதானே?"

"மூச்சை மெதுவா விடுங்க" என்றாள் அவள்.

"நீங்கதான். எனக்கு நல்லா தெரியும்." அவன் குரல் மறுபடி உடைந்தது. "மேடம், அந்தக் கழுதை வீடியோ நான் போட்டதுதான். சாரி மேடம். லைனை மட்டும் கட் பண்ணிடாதீங்க."

மூக்கு நுனியில் இருந்த கோபம் நாக்கு நுனிக்கு வந்தது. ஆனாலும், "மெக்கானிக் கீழ வந்துட்டாரு. சுவரைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க, லேசா ஆடும்" என்றாள். கதவு திறந்தது, மெக்கானிக்கின் குரல் கேட்டது, இளைஞன் வெளியே வந்துவிட்டான். அதன் பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள்.

"வெளிய வந்தாச்சுல்ல? இப்ப கேளுடா. என் குரலைக் கழுதைன்னு சொன்ன வாயாலதான் கொஞ்ச நேரம் முன்னாடி என்னைக் கெஞ்சின. உன் அம்மா குரலை எவனாவது இப்படிப் பண்ணா சும்மா இருப்பியா? போய் முதல்ல அதை அழிச்சுட்டு வேற வேலையப் பாரு."

அழைப்புகளெல்லாம் பதிவாகும். மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிட்டு வாடிக்கையாளரை 'டா' போட்டது தவறு என்றார். "மாட்டியிருந்தவரைக்கும் மரியாதையாத்தான் சார் பேசினேன்" என்றாள்.

இளைஞன் வீடியோவை அழித்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'டாக்டரம்மா என்னைக் காப்பாற்றினார்' என்று உருகி உருகி எழுதி, கம்பெனியின் பெயரையும் போட்டுவிட்டான். கூட்டம் ஒரே இரவில் கட்சி மாறியது. திட்டியவர்களே தெய்வம் என்றார்கள். பிறகு நகரம் முழுக்க லிஃப்டுகளில் ஏறிச் சும்மா சிவப்புப் பொத்தானை அழுத்த ஆரம்பித்தார்கள். "டாக்டரம்மா, ஒரு தடவை 'கிளம்பு'ன்னு சொல்லுங்களேன்!" பின்னால் சிரிப்பு. அவள் இணைப்பைத் துண்டித்தால் அடுத்தவன்.

அப்படிப்பட்ட ஒரு பிற்பகலில்தான், துணிக்கடையில் வேலை பார்க்கும் ஆஸ்துமாக்காரப் பெண் ஒருத்தி சரக்கு லிஃப்டில் மாட்டினாள். லைன் கிடைத்தபோது அவளால் பேச முடியவில்லை, இழுப்பு மட்டும்தான் கேட்டது. மெக்கானிக் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிழைத்துக்கொண்டாள். கணீரக்கா பார்க்கப் போனபோது, "பொத்தானை அழுத்திக்கிட்டே இருந்தேங்க்கா. லைன் பிஸின்னு பாட்டு மட்டும்தான் வந்துச்சு" என்றாள். வேறு குறை எதுவும் சொல்லவில்லை. அதுதான் கணீரக்காவைத் தூங்கவிடவில்லை.

கம்பெனி அவளை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பி, உதிரிப்பாகக் கிடங்கில் உட்காரவைத்தது. அவள் குரல் ஊருக்கே தெரிந்துவிட்டதாம்.

அந்த வாரமே டப்பிங் இயக்குநர் தேனாகப் பேசினார். ரசிகர்களோடு ஒரு நேரலை, அவள்தான் சிறப்பு விருந்தாளி. கணவர் சட்டைக்குப் பொத்தான் போட்டபடியே, "சண்டை போடத்தானே போற?" என்று கேட்டார்.

"ஆமா."

"நானும் வரேன்."

நேரலையில் இயக்குநர் அவளைப் புகழ்ந்து முடித்ததும் அவள் மைக்கை இழுத்துக்கொண்டாள். "அன்னைக்குத் திட்டினவங்களும் நீங்கதான், இன்னைக்குப் பொத்தானை அழுத்தி விளையாடறவங்களும் நீங்கதான். உங்க விளையாட்டுல ஒரு பொம்பள மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டு இருந்தா. ஒரு கற்பனைப் பிள்ளைக்காக என் வீட்டைத் தேடினீங்களே, நிஜமா உள்ள மாட்டினவளைப் பத்தி ஒருத்தராவது யோசிச்சீங்களா? இனிமே எவனாவது அழுத்தினா லிஃப்ட் கேமரா படத்தோட போலீசுக்குப் போவேன்." இயக்குநர் கையைப் பிடிக்க வந்தார். அவர் பக்கம் திரும்பினாள். "அந்த வசனம் இவரோடது. நான் 'மன்னிச்சிடு'ன்னு சொல்லத்தான் கேட்டேன். இவருக்குப் பஞ்ச் வேணுமாம்."

நேரலை அங்கேயே அணைந்தது.

விளையாட்டு அழைப்புகள் குறைந்து, நின்றன. அவள் கிடங்கிலிருந்து மேற்பார்வையாளரின் அறைக்குப் போனாள். "தப்புப் பண்ணது அவனுங்க. நான் எதுக்கு சார் நட்டு எண்ணணும்?" என்றாள். மெக்கானிக்குகளும் அவள் பின்னால் வந்து நின்றார்கள். பழைய நாற்காலி கிடைத்தது.

தொடரின் இரண்டாவது சீசனில் டாக்டரம்மாவுக்கு வேறொருத்தி பேசினாள். ஒரு காலத்தில் இவளோடு கூட்டத்தில் கத்திய தோழிதான். நன்றாகவே பேசியிருந்தாள். கருத்துப் பகுதியில் ரசிகர்கள் 'பழைய குரலே வேண்டும், இது என்ன தகர டப்பா' என்று ஆரம்பித்திருந்தார்கள். கணீரக்கா தோழிக்குப் போன் செய்தாள்.

"அழறியா?"

"இல்லடி."

"பொய் சொல்லாத. நாளைக்கு ஸ்டூடியோவுக்கு வா. ரெண்டு பேரும் சேர்ந்து போவோம். உனக்காகவாவது அந்த ஆளு வாயைத் திறக்கணும்."

போனார்கள். இருவரும் வரவேற்பறையை விட்டு நகரவில்லை. மாலைக்குள் அறிவிப்பு வந்தது: வசனங்களுக்கும் குரல் தேர்வுக்கும் இயக்குநரே பொறுப்பு. உடனே ரசிகர் கூட்டம் அவரை மொய்த்தது. அவருடைய வழுக்கையை வைத்துக்கூட ஒரு வீடியோ வந்தது.

"பாவம்ல?" என்றார் கணவர்.

"அந்த வீடியோ போட்டவன் ஒரு பொறுக்கி" என்றாள் அவள். "ஆனா அந்த ஆளு பாவமில்ல."