தன் எண்ணை அழித்த இன்ஜினியர்

திண்டுக்கல் தொலைபேசி நிலையத்தில் பேட்டரிகளைக் கவனிப்பது என் வேலை. ஊரின் அழைப்புகளுக்கும் ஓடிபிகளுக்கும் வழிகாட்டும் கேட்வே பெட்டி ஒன்று அங்கே இருக்கிறது. அதற்குள் வெளியாள் நுழைந்தால் நம் ஓடிபி அவன் கைக்குப் போய்விடும்.

அதற்குப் பாதுகாப்பு அமைக்க ஒரு பெண் இன்ஜினியர் வந்தார். வேடசந்தூர்க்காரர். ஒல்லியான உருவம், தோளில் கனத்த லேப்டாப் பை. நிலையத்துக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு வரியையும் அடித்ததும் கையை எடுத்துவிட்டு, எண்களை வாய்விட்டு வாசிப்பார். அப்புறம்தான் என்டர்.

முதலில் எல்லோருக்கும் வழியை அடைத்தார். பிறகு வேண்டிய கம்பெனிகளின் கம்ப்யூட்டர் எண்களை மட்டும் அனுமதித்தார். கடைசியாக, அந்தப் பட்டியலில் தானே சேர்த்திருந்த ஓர் எண்ணை அழித்தார்.

"அது யாரும்மா?"

"என் லேப்டாப்புண்ணே."

"நாளைக்கு ரிப்பேர்னா வீட்டுலருந்து எப்படிப் பார்ப்பீங்க?"

"பார்க்க முடியாது. பஸ் ஏறி வாரேன். எனக்குன்னு ஒரு ஓட்டை விட்டா, அது வழியா எவன் வேணாலும் வருவான்ல?"

சொல்லிவிட்டு லேப்டாப்பைத் திறந்து உள்ளே நுழைய முயன்றார். அனுமதி இல்லை என்று வந்தது.

"பாத்தீங்களாண்ணே, என்னையே விடலை!" என்று திரையை என் பக்கம் திருப்பினார்.

தன் முகத்திலேயே கதவு சாத்தப்பட்டதற்கு அம்புட்டுப் பெருமைப்பட்ட ஒருத்தரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.