என் முன்னிலையில் கையெழுத்திட்டார்

வஞ்சியூர் கோர்ட்டுக்கு எதிரே, போட்டோஸ்டாட் கடையை ஒட்டிய ஒற்றை அறையில் வக்கீல் ராமசுப்ரமணியன் இருபத்திரண்டு வருஷம் நோட்டரியாக இருந்தார். வாடகைச் சீட்டு, பெயர் மாற்றம், தொலைந்துபோன சர்ட்டிபிகேட் என்று நாளைக்கு நாற்பது காகிதம் வரும். ‘என் முன்னிலையில் கையெழுத்திட்டார்’ என்ற ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி, கீழே தன் பெயரைக் கிறுக்குவார். யார் முன்னிலை, என்ன கையெழுத்து என்று ஒருவரும் கேட்டதில்லை.

அபிஜித் அவர் குடியிருந்த கரமனைத் தெருப் பையன். பிரான்ஸில் வேலை. மனைவி பத்மப்ரியா கழக்கூட்டத்தில் ஐடி கம்பெனியில் இருந்தாள். நாலு வயசு மகள் ஜானவி அவளோடு இருந்தாள். லீவில் வந்த அபிஜித் ஒரு நாள் இரண்டு பக்கத் தாளோடு வந்து நின்றான்.

“மாமா, ஜானவியை ரெண்டு மாசம் கூட்டிண்டு போறேன். அம்மா சம்மதம்னு விசாவுக்குப் பேப்பர். பத்மா கடைசிப் பக்கத்துல ஒப்பு போட்டாச்சு.”

“அவ வரலையா?”

“லீவு கெடைக்கலை. போன்ல பேசறேளா?”

“வேண்டாம்டா. நம்மாத்துக் கொழந்தைதானே.”

கடைசிப் பக்கத்தைத் திருப்பி சீல் வைத்தார். பதிவேட்டில் அவள் கையெழுத்துப் போடவேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டார்.

ஜானவி திரும்பி வரவில்லை. எட்டு மாதம் கழித்து பத்மப்ரியா அந்தத் தாளின் நகலோடு வந்தாள். குழந்தை நிரந்தரமாகத் தகப்பனிடம் வளரத் தாய் சம்மதிக்கிறாள் என்றது முதல் பக்கம். ராமசுப்ரமணியன் அதை அப்போதுதான் வாசித்தார்.

“ரெண்டாம் பக்கத்தை மட்டும்தான் எங்கிட்ட நீட்டினான் மாமா. விசாவுக்குன்னான். பிரான்ஸ் கோர்ட்டுல கேஸ் போட்டிருக்கேன். அங்க நோட்டரின்னா வேறயாம். அரசாங்க ஆபீசராம். ஆளை முன்னால ஒக்காத்தி, வரிவரியா வாசிச்சுக் காட்டி, புரிஞ்சுதான்னு கேட்டுட்டுத்தான் சீல் வைப்பாளாம். அதை வச்சுத்தான் அந்தக் கோர்ட்டு உங்க சீலையும் நம்பறது.” அவள் அழவில்லை. “நீங்க என்னைப் பாக்கவே இல்லைன்னு எழுதிக் குடுங்கோ. அது போறும்.”

வீட்டில் மனைவி விஜயம் பதறினாள். “ஏன்னா, எழுதினேள்னா லைசென்ஸ் போயிடும். அவ ஒப்பு போட்டது நெஜம்தானே? அதை மட்டும் சொல்லுங்கோ.”

எழுதலாம் எழுதலாம் என்று ஐந்து மாதம் கடத்தினார். பத்மப்ரியா வாரம் தவறாமல் போன் செய்தாள். சில நாள் அவர் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதினார். அதற்கும் ஒரு நோட்டரி சீல் வேண்டும். பக்கத்து அறை நோட்டரி நவநீத் தலை நிமிராமல் ஸ்டாம்பை எடுத்தான்.

“வாசிச்சுப் பாருப்பா.”

“சாரோட பேப்பரை ஞான் வாயிக்கணுமோ?” என்று மலையாளம் கலந்து சொல்லிச் சிரித்துக்கொண்டே, வாசிக்காமலே குத்திக் கொடுத்தான்.

பிரெஞ்சு நீதிபதி அவரை வீடியோவில் விசாரித்தார். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் கேட்டார். தாய் நேரில் வந்தாரா? இல்லை. வாசித்துக் காட்டினீர்களா? இல்லை. நீங்களாவது வாசித்தீர்களா? இல்லை. அப்படியானால் எதற்குச் சான்று கொடுத்தீர்கள்?

எங்கள் ஊரில் நோட்டரி கையெழுத்துக்குத்தான் பொறுப்பு, உள்ளே எழுதியிருப்பதற்கு அல்ல என்று சொல்ல நினைத்திருந்தார். கையெழுத்துப் போட்டதையும் பார்க்கவில்லையே.

அந்தத் தாள் செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது ஜானவிக்கு ஆறு வயசு முடிந்திருந்தது. ஆனால் குழந்தை அங்கே பள்ளிக்கூடத்தில் வேரூன்றிவிட்டாள், இனிப் பெயர்ப்பது அவளுக்கு நல்லதல்ல என்று அதே தீர்ப்பு சொன்னது. தாய்க்கு வாரம் ஒரு வீடியோ கால், கோடை விடுமுறையில் அங்கேயே போய்ப் பத்து நாள் பார்த்து வரலாம். முதல் வீடியோ காலில் அம்மா தமிழில் கேட்டது புரியாமல் குழந்தை அப்பாவைத் திரும்பிப் பார்த்ததாகத் தெருவில் பேச்சு.

அவர் லைசென்ஸ் போயிற்று. அது அவரைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. எழுதாமல் கடத்திய அந்த ஐந்து மாதத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார்.

பத்மப்ரியா தெருவை விட்டு, கழக்கூட்டத்தில் ஒரு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். ஒரு முறை கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தாள். அவர் கை கூப்பப் போனார்.

“விஜயம் மாமி சௌக்கியமா?” என்று கேட்டாள்.

“இருக்கா.”

தலையசைத்துவிட்டு அவள் பஸ் ஏறினாள். அவள் தன்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.