பெல்ட்டின் மேல் ஒரு கை

2023 ஜூலை 13, வியாழக்கிழமை தீப்தி கிளம்பினாள். வேலையை விட்டாயிற்று, முதுகில் ஒரு பை. முதலில் வியட்நாம், அப்புறம் ஜார்ஜியா, அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பது திட்டம். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை. புனேயை ஒட்டிய சாகண் பக்கத்து ஆலைகளுக்கு வியாழன்தான் வார விடுமுறை என்பதால் அப்பா ஜம்புநாதனும் விமான நிலையம் வரை போக முடிந்தது.

உள்ளே போகும்முன் தீப்தி ஒரு நிபந்தனை போட்டாள். "வாய்ஸ் நோட் அனுப்பாதே அப்பா. நீ ஆரம்பிச்சா நிறுத்த மாட்டே. எழுது. தமிழ்லயே எழுது, ஆனா மூணே லைன். அதுக்கு மேல போனா எனக்குத் தலை சுத்தும்."

புனேயில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் எழுத்தைக் காலண்டரைக் காட்டி அம்மா பட்டு சொல்லிக்கொடுத்ததோடு சரி.

"மூணு லைன்ல என்னடி எழுதறது?"

"ஜாம்பி கதை எழுதேன்."

பட்டு தலையில் அடித்துக்கொண்டாள். வியாழன் மதியங்களில் அப்பாவும் பெண்ணும் புனே சாங்வியில் இருக்கும் வீட்டு சோபாவில் கால் நீட்டிக்கொண்டு செத்தவர்கள் நடமாடும் படங்களாகப் பார்ப்பதும், "சாப்பிடற வேளையில அந்தக் கண்றாவியை நிறுத்தறேளா இல்லையா?" என்று அவள் கத்துவதும் வாடிக்கை.

மூன்று வரி ஜம்புநாதனுக்குப் புதிதல்ல. பிரேக் உதிரி பாகங்கள் செய்யும் ஆலையில் பத்தொன்பது வருடமாக ஷிஃப்ட் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடியும்போது அடுத்தவருக்கு மூன்று வரியில் குறிப்பு எழுதவேண்டும். என்ன ஓடியது, என்ன நின்றது, அடுத்தவர் எதைக் கவனிக்கவேண்டும். நான்காவது வரி எழுதினால் மேனேஜர் கூப்பிட்டனுப்புவார். முன்பு நோட்டில் எழுதியதை இப்போது வாட்ஸாப் குழுவில், ஆங்கில எழுத்தில் ஹிந்தியாகப் போடுகிறார்கள். இப்படிப் பழகிய மனிதருக்கு ஹைக்கூ எழுதுவதா பெரிய விஷயம்?

அவருடைய ஜாம்பி ஒரு தொழிலாளி. வேலை செய்துகொண்டிருக்கும்போதே செத்துப்போனவன், அது தெரியாமல் வீட்டுக்குக் கிளம்புகிறான்.

*இறந்த பிறகும்
கார்டு தேய்த்துவிட்டுத்தான்
வெளியே வருகிறான்.*

இன்னொரு நாள்:

*கசார்வாடி நிறுத்தம்.
எல்லோரும் இறங்கிவிட்டார்கள்.
ஒரு கால் மட்டும் சீட்டில்.*

ஒவ்வொன்றுக்கும் தீப்தியிடமிருந்து ஒரு கட்டைவிரல் வரும். அதிலிருந்து அவள் நலமாக இருக்கிறாள் என்று தெரிந்தது. படித்தாளா என்று தெரியவில்லை. ஒரே ஒரு தடவை, தமிழ் எழுத்தில் மூன்று வரி பதில் வரவேண்டும். ஜம்புநாதனுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

நவம்பரில் ஒருநாள் முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஒன்றை எழுதி அனுப்பினார். பஸ் மோஷியைத் தாண்டும்போது ஸ்டீபன் கூப்பிட்டார். இரண்டாம் ஷிஃப்ட் சூப்பர்வைசர், கோயம்புத்தூர்க்காரர். ஆலையில் தமிழ் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் அவர்தான்.

"ஜம்பு சார், யாரோட கைங்க?"

"எந்தக் கை?"

"பெல்ட்டு மேல கெடக்குதுன்னு நீங்கதானுங்க போட்டீங்க!"

ஜம்புநாதன் போனைப் பார்த்தார். மகளுக்கு எழுதியது ஷிஃப்ட் குழுவில் கிடந்தது.

*பெல்ட்டின் மேல் ஒரு கை.
இன்னும் அசைகிறது.
யாரும் பார்க்கவில்லை.*

"எப்பவும் ஹிந்தியில போடற மனுசன் தமிழ்ல போட்டிருக்காரே, பதட்டத்துல கை தானா தமிழுக்குப் போயிருச்சுன்னு நெனச்சுட்டேனுங்க. பெல்ட்டு, மெஷினு, மொத்த லைனையும் நிறுத்திட்டேன். நாப்பது பேரையும் நிக்கவெச்சு எண்ணிட்டேன். எம்பது கை சரியா இருக்குது. எம்பத்தொண்ணாவது எங்கீங்க சார்?"

"ஸ்டீபன், அது ஹைக்கூ."

எதிர்முனையில் ஸ்டீபன் லைனை மறுபடி ஓட்டச் சொல்லிக் கத்துவது கேட்டது.

மறுநாள் காலைக் கூட்டத்தில் மேனேஜர் குல்கர்ணி அதை ஹிந்தியில் சொல்லச் சொன்னார். ஜம்புநாதன் வியர்த்துக்கொண்டே சொன்னார். குல்கர்ணி தாடையைத் தடவிக்கொண்டு "ஃபிர்?" என்றார். அப்புறம் அந்தக் கைக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. தெரிந்துகொண்ட பிறகு எச்சரிக்கைக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். பத்தொன்பது வருடத்தில் ஜம்புநாதனால் லைன் நின்றது அதுதான் முதல் தடவை.

அன்றிலிருந்து தொழிலாளிகள் அவருக்கு நமஸ்தே சொல்வதில்லை. இரண்டு கையையும் தூக்கிக் காட்டி, "தோனோ ஹை, சாப்" என்றார்கள். இரண்டும் இருக்கிறதாம். ஜம்புநாதனும் தன் இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். முதல் வாரம் கூச்சமாக இருந்தது. பிறகு யாராவது காட்டாமல் போனால்தான் என்னவோபோல் இருந்தது.

ஆனால் கூட்டம் நடந்த அன்று மாலை, சரியான இடத்துக்குத்தானா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு, தீப்திக்கு ஒன்று அனுப்பினார்.

*சாங்வியில் மூன்றாம் மாடி.
காலிங்பெல் தெரிகிறது.
அழுத்த விரல் இல்லை.*

கட்டைவிரல் வந்தது. அதோடு எழுதுவதை நிறுத்திக்கொண்டார்.

தீப்தி ஞாயிறுதோறும் கூப்பிட்டாள். ஜார்ஜியாவில் திராட்சை பறித்து முடித்து, போர்ச்சுகலில் ஒரு விடுதியில் படுக்கை விரித்தாள். கதையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. பட்டுதான் பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டாள்.

"ஏன்னா, உங்க பொணம் என்ன ஆச்சு?"

"வாசல்ல நிக்கறது."

"இத்தனை மாசமாவா? பாவம், உள்ள விடுங்கோளேன்."

"நான் விடக்கூடாது. மூணாவது வரி எப்பவும் அடுத்த ஷிஃப்டுக்கு. அவதான் பார்த்துக்கணும்."

"அவளுக்கு இந்த ஷிஃப்ட் கணக்கெல்லாம் தெரியுமா?"

"சூப்பர்வைசர் பொண்ணு. தெரியும்."

பட்டு கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நான்காகப்போகிறது என்று எழுந்துபோய் வாசல் தாழ்ப்பாளை நீக்கிவிட்டு, அன்று வியாழன், மனிதர் வீட்டிலேயே இருக்கிறார் என்று நினைவு வந்து தானே சிரித்துக்கொண்டாள். ஜம்புநாதன் சாவி எடுத்துப்போகாத மனிதர். கல்யாணமான நாளிலிருந்து அவர் திரும்பும் வேளைக்கு அவள் கதவைத் தாழிடுவதில்லை. திருடன் வருவான் என்று தீப்தி எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறாள்.

அடுத்த வருடம் மார்ச்சில், ஒரு மாலை கம்பெனி பஸ் கசார்வாடியில் நின்றபோது ஜம்புநாதனின் போன் அதிர்ந்தது. கட்டைவிரல் இல்லை.

*பெல் வேண்டாம்.
நாலு மணிக்கு அம்மா
தாழ்ப்பாள் போட மாட்டா.*