தன்னைத் தானே கட்டும் பெட்டி

தன்னைத் தவிர வேறொருவருக்கும் தேவைப்படாத ஒன்றை ஒரு மனிதன் எவ்வளவு காலம் உயிரோடு வைத்திருக்கலாம்? நளீரின் வீட்டுக்கு வந்துபோன எல்லோரும் ஏதோவொரு விதத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். மனைவி ஜெனூபா அதைச் சுருக்கிக் கேட்டார்.

"உங்களத் தவிர இத ஆரு பாவிக்க?"

"இது" என்றது நடு அறையில் நீளமான வாங்குப் பலகையின் மேல் கிடந்த சாம்பல் நிறக் கணினியை. சுனாமிக்குப் பிறகு கரையோரத்தை அளந்து படம் வரைய வந்த ஒரு வெளிநாட்டு நிறுவனம் விட்டுப்போன பெட்டி. வந்தபோதே அது பழசு. அதைச் செய்த கம்பனி இப்போது இல்லை. அந்த அலுவலகத்தில் சிறு வேலையில் இருந்த நளீர், அவர்கள் போனபோது பெட்டியைத் தூக்கிவந்துவிட்டார். பிறகு கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் கணினி திருத்தும் கடை போட்டார். மகள் ஹுஸ்னியா பிறந்து, வளர்ந்து, கல்யாணப் பேச்சும் வந்தது. பெட்டி அதே வாங்கில் கிடந்தது.

அதில் ஓடியது யாரும் எடுத்துப் பாவிக்கலாம், திருத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்ட இயங்குதளம். உலகின் பல மூலைகளிலிருந்தும் சம்பளமில்லாமல் அதைப் பராமரிப்பவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஒருநாள் மின்னஞ்சல் குழுவில் அறிவித்தார்கள்: இந்த வகைப் பெட்டிக்கான பதிப்பு பல காலமாகப் பழுதாகிக் கிடக்கிறது. பொறுப்பெடுக்க ஆளில்லாவிட்டால் அடுத்த வெளியீட்டோடு நீக்கப்படும். நளீர் யோசிக்காமல், "நான் பார்க்கிறேன்" என்று எழுதிவிட்டார். அவருடைய வாழ்க்கையில் யோசிக்காமல் செய்த காரியங்கள் குறைவு. இது அவற்றில் மோசமானது.

நிபந்தனை ஒன்றுதான். வேறு வேகமான கணினியில் செய்து கொண்டுவந்து போடக் கூடாது. பழைய பெட்டியே எழுதிவைத்த நிரல் வரிகளிலிருந்து முழு இயங்குதளத்தையும் தானே கட்டி முடித்து, கட்டியதிலேயே மறுபடி எழும்ப வேண்டும். புதிய கணினிக்கு அது ஒரு தேத்தண்ணி குடிக்கும் நேரம். இதற்கு வாரக்கணக்கு. நடுவில் நின்றால் முதலிலிருந்து.

முதலில் பெட்டி எழும்பவே இல்லை. மாதக்கணக்கில் தேடியபின் பிழை அகப்பட்டது. வன்தட்டு சுழன்று வேகம் பிடிக்கும்வரை கொஞ்சம் பொறு என்று சொல்லும் ஒரு வரியை, புதிய கணினிகளுக்கு எதற்கு இந்தத் தாமதம் என்று யாரோ எப்போதோ எடுத்துவிட்டார்கள். கிழட்டுத் தட்டுகளைப் பற்றி அந்த ஆள் நினைத்துப் பார்க்கவில்லை. நளீர் வரியைத் திரும்பப் போட்டார். பெட்டி எழும்பியது. அடுத்த நாள் கரண்ட் போனது. உள்ளே ஒரு மின்கலம் செத்திருந்ததால், கரண்ட் போகும்போதெல்லாம் அது தன் பெயரையும் முகவரியையும் மறந்தது. ஒவ்வொரு முறையும் அவர் கையால் தட்டிச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது, நீ இன்னார் என்று. போதாததற்குக் கடல் காற்றின் உப்பு வேறு. இணைப்புகளைக் கழற்றித் துடைத்து முடிய அடுத்த பக்கம் பச்சை பிடித்திருக்கும்.

"கடைக்குக் கொண்டு போங்களன்," என்றார் ஜெனூபா.

"கட பூட்டக்க கட்டடக்காரர் மெயின் சுவிச்ச நிப்பாட்டுறாரு."

"அப்ப கடலுக்குக் கொண்டு போங்க."

ஜெனூபாவின் அவசரம் நியாயமானது. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. ஜெனூபாவுக்கு அவருடைய உம்மா கொடுத்த வீடு இனி ஹுஸ்னியாவுக்கு. மாப்பிள்ளை அஸ்கி இங்கேதான் வந்து இருப்பார். பெற்றோர் பின்பக்கம் கட்டிய சின்ன அறைகளுக்குப் போக வேண்டும். நடு அறை புதுத் தம்பதிக்கு. பெயின்ட்காரர் எல்லா அறையும் முடித்துவிட்டு, இந்த ஒன்றுக்காக நின்றார்.

அப்படி ஒரு நாளில்தான் மாப்பிள்ளையின் வாப்பா ஸஹீத் ஹாஜியார் வீடு பார்க்க வந்தார். கரண்ட் போனாலும் சற்று நேரம் தாங்க நளீர் ஒரு பற்றரி பொருத்தியிருந்ததால், பெட்டியின் கட்டுமானம் பாதிக்குமேல் போயிருந்தது. நளீர் வாசலில் வரவேற்றுக்கொண்டிருந்த சமயம், ஜெனூபா வாங்கைப் பார்த்தார். தூசி, வயர், வாய் பிளந்த பெட்டி. மானம் போகும். மகளுக்கென்று வாங்கிவைத்த, பொன் கரை போட்ட பச்சை வெல்வெட் துணியை எடுத்து வாங்கு முழுக்க விரித்து, நான்கு பக்கமும் ஒழுங்காக இழுத்துவிட்டார். பெயின்ட் மணத்துக்குச் சாம்பிராணியும் போட்டார்.

ஸஹீத் ஹாஜியார் தர்கா, கந்தூரி எதற்கும் போகாதவர், போகிறவர்களோடு வாதாடுகிறவர். நடு அறை வாசலில் அவருடைய கால் நின்றது. அரையிருட்டு. புகை. ஆள் நீளத்துக்குப் பச்சைத் துணி, தர்காவில் அடக்கத்தலத்தின் மேல் போர்த்துவது போல. அதன் அடியிலிருந்து மெல்லிய முனகல்.

"இதென்ன இது, ஊட்டுக்குள்ள சியாரம்?"

ஜெனூபாவின் தம்பி றிஸ்கானுக்கு வாய் எப்போதும் முந்தும்.

"இன்னும் மௌத்தாகல்ல ஹாஜியார். முனகுறது கேக்கலியா?"

நளீருக்கு அந்த முனகல் என்னவென்று தெரியும். மூச்சுவிட வழியில்லாத மின்விசிறி. பாய்ந்து துணியை இழுத்தார். முகத்தில் வெக்கை அடித்தது. பெட்டி ஒருமுறை இருமியது போல் சத்தமிட்டு நின்றது.

"இப்ப மௌத்து," என்றான் றிஸ்கான்.

"வாய மூடுடா!" என்றார் ஜெனூபா.

ஹாஜியார் சங்கடத்தோடு கிட்ட வந்தார். "கொம்பியூட்டரா? என்ன செய்யிற?"

"தன்னத் தானே கட்டுது."

"கட்டி?"

நளீர் உள்ளதைச் சொன்னார். "மறுகாக் கட்டும்."

இணைவைக்கும் பாவமான ஷிர்க் இல்லை, வெறும் பைத்தியம்தான் என்று தெரிந்ததில் ஹாஜியாரின் முகம் தெளிந்தது. "நல்லம்," என்று அடுத்த அறையைப் பார்க்கப் போனார்.

அவர்கள் போனபின் நளீர் துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தார்.

"நெருப்பாக் கொதிக்கிற பெட்டிக்குப் போர்வையா போத்துறீங்க?"

"மனிசர் பாக்கிற மாதிரி வெச்சிருந்தா நான் ஏன் போத்துறன்?" ஜெனூபா துணியை எடுத்து மடித்தார். "கேக்காம செஞ்சது பிழதான். திரும்ப ஓட்டுங்க. பெயின்ட்காரர நான் பாத்துக்கொள்றன்."

வெளியீட்டுக்கு நாள் மட்டுமட்டாக இருந்தது. நளீர் பெயரைச் சொல்லிக்கொடுத்து முதலிலிருந்து தொடங்கினார். அதற்குப் பிறகு காவல் ஜெனூபாவுடையது. அடுத்த வீட்டு மேசைவிசிறியை இரவல் வாங்கிவந்து பெட்டியின் முன் வைத்தார். மாரி பிறந்துவிட்டது. முதல் இடி கேட்டதும் தெருவெல்லாம் எல்லா வீட்டிலும் பிளக் கழற்றுவார்கள். இந்த வீட்டிலும் கழற்றினார்கள், ஒன்றைத் தவிர. "அதத் தொடாதிங்க, பற்றரி கனநேரம் தாங்காது," என்று நோயாளிக்குக் காவல் இருப்பவர் மாதிரி எல்லோரையும் விரட்டினார் ஜெனூபா. நளீர் அதற்கு நன்றி சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லக்கூடிய மனநிலையிலும் அவர் இல்லை. மின்னஞ்சல் குழுவின் தலைவர் எழுதியிருந்தார்: வெளியீட்டு நாளுக்குள் முடிவுகள் வந்தால் பதிப்பைக் காப்பாற்றிக்கொள்கிறோம். ஆனால் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், உங்களைத் தவிர இதை யார் பயன்படுத்துகிறார்கள்?

கடைசி நாள் அஸர் தொழுதுவிட்டு வந்தபோது திரையில் கட்டுமானம் முடிந்திருந்தது. நளீர் பெட்டியை நிறுத்தி எழுப்பினார். பெயரைச் சொல்லிக்கொடுத்தார். தான் கட்டியதில் தானே எழும்பி, அது திரையின் மூலையில் குறிக்கோட்டைச் சிமிட்டிக்கொண்டு காத்திருந்தது.

"முடிஞ்சிட்டா?" என்றார் ஜெனூபா வாசலிலிருந்து.

"ஓம். முடிஞ்சி."

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப அனுப்புங்க. நாளைக்கு அவர் பெயின்ட் அடிக்க வாறாரு."

நளீர் கடிதத்தை எழுதினார். முடிவுகளை இணைத்தார். தலைவரின் கேள்வியை மறுபடி வாசித்தார்: ஜெனூபா கேட்ட அதே கேள்வி, பதிலும் அவர் ஒருவர்தான். ஒரு பிழையும் இல்லை, அனுப்புவதுதான் மிச்சம். மஃரிபுக்குப் பாங்கு சொன்னது. அவர் எழும்பித் தொழப் போனார். திரும்பி வந்து அந்தக் கணினிப் பக்கமே போகவில்லை. மறுநாள் விடிந்தபோது பதிப்பு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டிருந்தது. கடிதம் எழுதியபடியே கிடந்தது.

காலையில் பெட்டியைப் பின் அறைக்கு மாற்ற றிஸ்கான் வந்தான். கதை அவனுக்கு எட்டியிருந்தது.

"மச்சான், இவ்வளவு பாடும் பட்டு, ஏன் அனுப்பல்ல?"

நளீர் வாங்கின் ஒரு முனையைப் பிடித்தார். பட்டியலில் இல்லாவிட்டாலும் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தாமல், பற்றரியோடு சேர்த்துத் தூக்குவதாக அவருடைய எண்ணம்.

"அந்தப் பக்கத்தத் தூக்குடா," என்றார். "ஆட்டாமத் தூக்கு."